வேட்பாளர் எந்தச் சபை என்று பார்த்து வாக்களிக்கலாமா?

முப்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரும் அவருடைய துணைவியும் பல வருடங்களாக ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். வீட்டு உரிமையாளருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அவர்கள் ‘அக்கா, தங்கை’. உள்ளாட்சித் தேர்தல் வருகிறது. அவர்கள் பகுதியில் நிற்கும் இருவரில் ஒருவர் நல்ல பெயர் எடுத்தவர். தண்ணீர்க் குழாய் உடைந்த ராத்திரி, கையில் டார்ச் விளக்கோடு வேலையாட்கள் பக்கத்திலேயே விடியும்வரை நின்றவர். வழியில் பார்த்தால் “தங்கச்சிங்க ரெண்டு பேரும் சௌக்கியமா?” என்று கேட்காமல் போகமாட்டார். ஆனால் அவர் ஒரு மதச் சபையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். தன்பால் உறவு பாவம் என்று அந்தச் சபை தன் கொள்கைக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. எதிர்த்து நிற்பவர், தனக்கு மத நம்பிக்கை கிடையாது என்று வெளிப்படையாகச் சொல்பவர். தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர் உள்ளிட்ட எல்ஜிபிடி மக்களைப் பற்றி இதுவரை அவர் வாய் திறந்ததில்லை.

நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. சபைக்காரர் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்யும் புகைப்படம். அதன்மேல் சிவப்பு எழுத்தில், ‘இவர் ஜெயித்தால் நமக்கு வாடகை வீடு கிடைக்காது’. எல்லோரும் இதைப் பகிர வேண்டும் என்று குழுவில் சொல்கிறார்கள். சகோதரியின் துணைவியும் அதே மதத்தை நம்புகிறவர்தான், சபை மட்டும் வேறு. படத்தைப் பார்த்ததும், “நானும் இப்படித்தானே கும்பிடுறேன். அப்போ என்னையும் இவங்க இப்படித்தான் பார்க்கிறாங்களா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

சகோதரி கேட்பவை இவை. மதத்தைக் காரணமாக வைத்து ஒருவருக்கு வாக்களிக்காமல் இருந்தால் அதுவும் பாகுபாடுதானே? மத நம்பிக்கை இல்லாதவருக்குப் போடுவதுதான் பத்திரமா? ஒரு சின்ன உள்ளாட்சிப் பதவிக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா? அந்தப் படத்தைப் பகிர்வதா, வேண்டாமா? தங்களைக் காட்டிக்கொள்ளாமல் வேட்பாளரிடம் கேள்வி கேட்க வழி உண்டா?

அன்புள்ள சகோதரிக்கு,

அது எந்த மதம், எந்தச் சபை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே குறிப்பிடவில்லை. பெயரைப் போட்டால் வாசகர்களில் பாதிப் பேர் அந்த மதத்தைப் பற்றி ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணத்தோடுதான் மீதியைப் படிப்பார்கள். தவிர, எந்த மதத்தின் பெயரைப் போட்டாலும் என் பதில் இதேதான்.

முதலில் உங்கள் மனதை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் யாருக்கு வாக்களித்தாலும், எந்தக் காரணத்துக்காக அளித்தாலும், அது சட்டத்தின் கண்ணில் பாகுபாடு ஆகாது. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டங்கள் அரசை, வேலை கொடுப்பவரை, வீடு வாடகைக்கு விடுபவரை, கடை நடத்துபவரைக் கட்டுப்படுத்துகின்றன. அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு, பொதுப் பதவிக்கு மதத் தகுதி எதையும் நிபந்தனையாக வைக்கக் கூடாது என்கிறது. ஆஸ்திரேலிய அரசியலமைப்பின் 116ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. இவை ‘இந்த மதத்தவர் வேட்புமனுவே தாக்கல் செய்யக் கூடாது’ என்று அரசு விதி போடுவதைத் தடுப்பவை. வாக்குச் சாவடியின் மறைப்புக்குள் நிற்கும் உங்களிடம் யாரும் காரணம் கேட்க முடியாது.

ஆக, சட்டப்படி உங்கள் மீது தப்பில்லை. உங்களுக்கே தெரியும், நீங்கள் கேட்டது வெறும் சட்டக் கேள்வி இல்லை. நியாயமா என்று கேட்கிறீர்கள். பிறப்பையும் சார்பையும் வைத்து உங்களை அளப்பவர்களால் அடிபட்டவர் நீங்கள். அதே அளவுகோலை இன்னொருவர் மீது வைக்கக் கை கூசுகிறது. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அவர் சபையின் கொள்கை, அவரிடம் கேள்வி கேட்க உங்களுக்குப் போதுமான காரணம். அவரைப் பற்றித் தீர்ப்பு எழுத அது போதாது. அவர் அந்தச் சபையில் சும்மா போய் உட்கார்பவராக இல்லாமல் நிர்வாகக் குழுவில் இருப்பதால், கேள்வியைக் கொஞ்சம் அழுத்தமாகவே கேட்கலாம்.

மதத்தின் பெயர் எவ்வளவு தூரம் சொல்லும்?

ஒரே மதத்தைச் சேர்ந்தவர்கள் பதவிக்கு வந்த பிறகு எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்த்தால், பெயரை வைத்து ஊகிப்பது எவ்வளவு ஆபத்து என்று புரியும். லண்டன் மேயர் சாதிக் கான் நம்பிக்கையுள்ள முஸ்லிம். 2013இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது தன்பால் திருமணச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஹாம்ட்ராமிக் என்று ஒரு சிறு நகரம். உறுப்பினர்கள் எல்லோருமே முஸ்லிம்களாக இருந்த அதன் நகர மன்றம், நகராட்சி இடங்களில் வானவில் கொடி ஏற்றுவதை 2023 ஜூனில் தடைசெய்தது. மதம் ஒன்றுதான்.

கத்தோலிக்கர்களை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். நியூயார்க் மாநிலத்தில் 2011இல் தன்பால் திருமணத்தைச் சட்டமாக்கிக் கையெழுத்திட்ட ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ ஒரு கத்தோலிக்கர். மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்களான அயர்லாந்து, 2015 மே மாதப் பொதுவாக்கெடுப்பில் 62 சதவீத ஆதரவோடு தன்பால் திருமணத்தை ஏற்றது. கத்தோலிக்கத்தை அரசு மதமாகவே வைத்திருக்கும் மால்டாவில், 2017இல் நாடாளுமன்றத்தில் எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. இத்தனைக்கும் திருச்சபையின் அதிகாரபூர்வ நிலைப்பாடு இதற்கெல்லாம் நேர் எதிர்.

உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமாக எனக்குத் தோன்றுவது, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மார்மன் சபையின் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டியின் அனுபவம். 2008இல் கலிபோர்னியாவில் தன்பால் திருமணத்தைத் தடைசெய்ய மக்கள் வாக்கெடுப்புக்கு வந்த ‘எட்டாம் முன்மொழிவு’ ஜெயிக்க மார்மன் சபை முழு மூச்சாகப் பாடுபட்டது. அடுத்த வருடமே, வேலையிலும் வாடகை வீட்டிலும் எல்ஜிபிடி மக்களைப் பாகுபடுத்தக் கூடாது என்று சால்ட் லேக் சிட்டி நகர மன்றம் விதி கொண்டுவந்தபோது, அதே சபை வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தது. 2015இல் யூட்டா மாநிலம் முழுமைக்கும் அப்படிச் சட்டம் வந்தபோதும் ஆதரித்தது. திருமணத்தைப் பற்றிய தன் போதனையை அது மாற்றிக்கொள்ளவில்லை. ஒருவரை வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ துரத்துவது வேறு விஷயம் என்று பிரித்துப் பார்த்தது. சபையின் கொள்கைக் குறிப்பை மட்டும் படித்தவர் யாராலும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

நம்பிக்கை இல்லாதவர் என்றால் பத்திரமா?

இங்கே உங்களை மெதுவாக மறுக்க வேண்டியிருக்கிறது. எதிர்த்து நிற்பவருக்கு மதம் இல்லை, அதனால் பிரச்சினையும் இல்லை என்று உங்கள் குழு முடிவு கட்டியிருக்கிறது. மதத்தையே ஒதுக்கி வைத்த சோவியத் அரசு, ஸ்டாலின் காலத்தில் 1934இல் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கியது. ரஷ்யாவில் அந்தச் சட்டம் நீங்க 1993 ஆயிற்று. 1960களின் நடுவில் கியூபாவின் புரட்சி அரசு தன்பாலீர்ப்புள்ள ஆண்களைக் கட்டாய உழைப்பு முகாம்களுக்கு அனுப்பியது. அதே நாடுதான் 2022இல் பொதுவாக்கெடுப்பு நடத்தித் தன்பால் திருமணத்தை ஏற்றது. வெறுப்புக்கு மதம் ஒரு பாஷை தருகிறது என்பது உண்மை. அந்தப் பாஷை கிடைக்காத இடத்தில் ஒழுக்கம், பண்பாடு, ஆரோக்கியம், குடும்ப மானம் என்று வேறு பாஷை கிடைத்துவிடுகிறது.

உங்கள் இரண்டாவது வேட்பாளர் ஒரு கூட்டத்தில் “தனிப்பட்ட விஷயங்களில் மன்றம் தலையிடாது” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டு உரிமையாளர் உங்களைக் காலிசெய்யச் சொன்னாலும் இதையேதான் சொல்வாரா? ‘அது உங்களுக்கும் ஓனருக்கும் இடையிலான தனிப்பட்ட விஷயம்’ என்று ஒதுங்கிக்கொள்ள இந்த வாக்கியம் நன்றாகவே உதவும். முதல் வேட்பாளரிடம் கேட்கப்போகும் எல்லாக் கேள்வியையும் இவரிடமும் கேட்டாக வேண்டும். ஒருவரை மட்டும் கேட்டால் அது மதத்துக்காகக் கேட்ட கேள்வியாகிவிடும். இரண்டு பேரிடமும் கேட்டால் பதவிக்காகக் கேட்ட கேள்வி.

சின்னப் பதவி, பெரிய வேலை

திருமணச் சட்டம், தண்டனைச் சட்டமெல்லாம் பெரிய மன்றங்களில் முடிவாகின்றன. உள்ளாட்சியில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், எங்களிடம் வருகிறவர்கள் அடிபட்டிருப்பது பெரும்பாலும் கீழ்மட்டத்தில்தான். நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம், பொது மண்டபத்தைக் கூட்டம் நடத்த யாருக்குக் கொடுக்கலாம், பள்ளியில் கேலிசெய்யப்படும் பிள்ளை விஷயத்தில் தலைமை ஆசிரியர் என்ன செய்ய வேண்டும், பொதுக் கழிப்பறையில் திருநர் ஒருவரைத் தடுத்தால் ஊழியர் மீது நடவடிக்கை உண்டா, இரவுத் தங்குமிடம் நடத்த எந்த அமைப்புக்குப் பணம் கொடுப்பது, இதெல்லாம் பல நாடுகளில் உள்ளாட்சியின் கையில்தான் இருக்கிறது. உங்கள் ஊர் மன்றத்துக்கு இவற்றில் எது எது உண்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இல்லாத அதிகாரத்தைப் பற்றி வேட்பாளரிடம் கேட்டால், ‘அது என் கையில் இல்லை’ என்று சொல்லித் தப்பிப்பது அவருக்குச் சுலபம்.

கீழ்மட்டப் பதவி எவ்வளவு வலியைத் தர முடியும் என்பதற்கு அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து ரோவன் கவுண்டியைப் பாருங்கள். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி. கிம் டேவிஸ் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி கிளார்க். திருமண உரிமம் வழங்குவது அவருடைய அலுவலகத்தின் வேலை. 2015 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன்பால் திருமணத்தை நாடு முழுக்க அனுமதித்த பிறகு, தன் மத நம்பிக்கையைக் காரணம் காட்டி, யாருக்குமே உரிமம் வழங்க மாட்டேன் என்று நிறுத்திவிட்டார். நீதிமன்ற உத்தரவை மீறியதற்காகச் சில நாள் சிறையில் இருந்தார். அவர் உள்ளே இருந்தபோது அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் உரிமங்களை வழங்கினார்கள். 2018 தேர்தலில் தோற்றுப் பதவியை இழந்தார். உரிமம் மறுக்கப்பட்ட ஒரு ஜோடிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரி சொன்னது 2023இல்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் 2014இல் ஜெயித்தது ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக. எல்ஜிபிடி உரிமைகளை ஆதரிக்கும் கட்சி என்ற பெயரும் இங்கே காப்பாற்றவில்லை. தெரிய வேண்டியிருந்தது வேறு: ‘என் நம்பிக்கைக்கும் என் மேசை மேல் இருக்கும் வேலைக்கும் மோதல் வந்தால் நான் என்ன செய்வேன்?’ இதற்கான பதில்.

இந்த மோதலை வேறு விதமாகத் தீர்த்த இடங்களும் உண்டு. லண்டனில் இஸ்லிங்டன் மன்றத்தின் பதிவாளர் ஒருவர், தன்பால் இணையரின் பதிவைச் செய்ய என் மதம் இடம் தராது என்றார். எல்லாப் பதிவாளரும் எல்லோருக்கும் பதிவுசெய்ய வேண்டும் என்று மன்றம் உறுதியாக நின்றது. வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2013இல் மன்றத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே பக்கம் நிற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ப்புப் பெற்றோராகத் தன்பால் இணையரை ஏற்காத ஒரு கத்தோலிக்கச் சேவை அமைப்போடு ஒப்பந்தத்தைத் தொடர ஃபிலடெல்ஃபியா நகரம் மறுத்தபோது, 2021இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த அமைப்பின் பக்கம் தீர்ப்பளித்தது. ‘யார் வந்தால் என்ன, தப்பு நடந்தால் கோர்ட்டுக்குப் போகலாம்’ என்று உங்கள் நண்பர் ஒருவர் சொன்னாராம். போகலாம்தான். ஆனால் கிம் டேவிஸ் வழக்கில் இழப்பீட்டுத் தீர்ப்பு வர எட்டு வருடம் ஆனது. வீட்டை விட்டு வெளியே நிற்பவரால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

“இது பாவம் என்று நினைக்கிறீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். பிரிட்டனில் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவராக இருந்த டிம் ஃபாரன், நம்பிக்கையில் ஊறிய கிறிஸ்தவர். 2017 தேர்தல் முழுக்க அவரை இந்தக் கேள்வி துரத்தியது. முதலில் நழுவினார், பிறகு பாவம் இல்லை என்றார். தேர்தல் முடிந்து ஒரு வாரத்துக்குள் தலைமையை விட்டார். நம்பிக்கையோடு வாழ்வதா, கட்சித் தலைவராக இருப்பதா என்ற இழுபறி தன்னைக் கிழித்துவிட்டது என்றார். பாவம் இல்லை என்று சொன்னதற்காக வருந்துவதாக 2018இல் வெளிப்படையாகவே சொன்னார். அத்தனை நாள் கேட்டு வாங்கிய பதில் கடைசியில் யாருக்கும் உதவவில்லை. ஒருவர் மனதுக்குள் எதைப் பாவம் என்று நினைக்கிறார் என்பது அவருக்கும் அவர் கடவுளுக்கும் உள்ள விவகாரம். மன்றத்தில் கையை எப்போது தூக்குவார் என்பதுதான் வாக்காளரின் விவகாரம்.

நானாக இருந்தால் இரண்டு வேட்பாளரிடமும் இப்படிக் கேட்பேன்:

“வாடகை வீட்டிலும் மன்றத்தின் வேலைவாய்ப்பிலும் பாலின ஈர்ப்பையோ பாலின அடையாளத்தையோ காரணமாக வைத்து யாரையும் விலக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தால், ஆதரித்து வாக்களிப்பீர்களா?”

“உங்களுக்குத் தொடர்புள்ள மத அமைப்போ வேறு அமைப்போ மன்றத்தின் பணத்தில் தங்குமிடமோ பள்ளியோ நடத்தினால், அங்கே எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பீர்களா? அந்த ஒப்பந்தம் வாக்கெடுப்புக்கு வரும்போது ஒதுங்கியிருப்பீர்களா?”

“உங்கள் நம்பிக்கைக்கு ஒத்துவராத ஒரு சேவையைச் சட்டப்படி ஒருவர் கேட்டு வந்தால், அவர் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க என்ன ஏற்பாடு செய்வீர்கள்?”

இரண்டாவது கேள்வி முதல் வேட்பாளருக்கு மிக முக்கியம், ஏனென்றால் அவர் சபையின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். சாதாரண உறுப்பினருக்குச் சபையின் ஒப்பந்தத்தில் பங்கு இருக்காது. நிர்வாகிக்கு இருக்கும்.

பதில் வரும்போது வார்த்தையைக் கவனியுங்கள். “எல்லோரையும் சமமாகத்தான் பார்க்கிறேன்” என்பது பதிலே இல்லை. அதைச் சொன்னால் பொறுமையாக, “ரொம்ப நல்லது. அப்போ தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்குவீர்களா?” என்று இன்னொரு தடவை கேளுங்கள். “என் சபை வேறு மாதிரிச் சொல்கிறது, நானும் அதை நம்புகிறேன், ஆனால் யாரையும் வீட்டை விட்டு அனுப்ப விடமாட்டேன்” என்று ஒருவர் சொன்னால், உங்கள் காதுக்கு அது இனிமையாக இருக்காது. ஆனாலும் வழுவழுவென்று பேசி எதற்கும் கட்டுப்படாதவரைவிட இவரை நான் அதிகம் நம்புவேன். அவர் முன்பு பதவியில் இருந்திருந்தால் மன்றக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். எங்கே கை தூக்கினார், எந்த நாளில் கூட்டத்துக்கே வரவில்லை என்பது அதில் இருக்கும்.

இனி ஜாக்கிரதையைப் பற்றி. இதைக் கண்டிப்போடு சொல்கிறேன். உலகில் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் தன்பால் உறவு இன்னமும் குற்றம். குற்றம் இல்லாத நாட்டிலும் வீட்டையும் வேலையையும் இழக்க ஒரு வதந்தி போதும். அதனால் நீங்கள் இருவரும் தனியாக அவர் வீட்டுக்குப் போய்க் கேட்காதீர்கள். உங்கள் சொந்தக் கதையைச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. குடியிருப்போர் சங்கமோ, மனித உரிமை அமைப்போ, பெண்கள் அமைப்போ எல்லா வேட்பாளருக்கும் அனுப்பும் கேள்வித்தாளில் இந்த மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர், குப்பை, தெருவிளக்கு பற்றிய கேள்விகளோடு இவையும் போகட்டும். பதிலை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பொதுக்கூட்டத்தில் கேட்பதாக இருந்தால், இழப்பதற்கு எதுவும் இல்லாத நண்பர் ஒருவர் எழுந்து கேட்கட்டும். அப்புறம், உங்கள் வீட்டு முகவரியையோ வழக்கமான போன் எண்ணையோ எதிலும் கொடுக்க வேண்டாம்.

அந்தப் படம்

பகிர வேண்டாம். காரணங்களைச் சொல்கிறேன்.

அதில் எழுதியிருப்பது அவர் சொல்லாத ஒன்று. வாடகை வீட்டைப் பற்றி அவர் எங்கேயும் பேசியதாக உங்கள் கடிதத்தில் இல்லை. பிரிட்டனின் 1983ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில், வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பொய்யான செய்தி வெளியிடுவதைத் தடுக்க 106ஆம் பிரிவு என்று தனியாக ஒன்றே இருக்கிறது. பல நாடுகளில் அவதூறு வழக்கும் வரலாம். இந்தியாவின் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவு, மதத்தைக் காரணம் காட்டி வாக்குக் கேட்பதை மட்டுமல்லாமல், வாக்களிக்காதீர்கள் என்று சொல்வதையும் சேர்த்தே முறைகேடு என்கிறது, வேட்பாளரோ அவர் சம்மதத்தோடு வேறொருவரோ செய்தால். இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017இல் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை இன்னும் விரிவாகவே விளக்கியது. எதிர் வேட்பாளரின் ஆட்கள் உங்கள் குழுவில் சுற்றும் இந்தப் படத்தை எடுத்துப் பரப்பினால் விவகாரம் எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. உங்கள் நாட்டில் விதி எப்படி என்று பார்க்காமல் யாரும் ‘ஃபார்வர்டு’ பொத்தானைத் தொட வேண்டாம். அந்தச் செய்தி யாரிடமிருந்து கிளம்பியது என்று யாராவது கண்டுபிடித்துவிடவும் கூடும். மறைந்து வாழும் உங்கள் குழுவுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று யோசித்தார்களா?

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2014 மே மாதம் அந்த நகர மன்றம் எல்ஜிபிடி மக்களுக்கும் பாதுகாப்பு தரும் சம உரிமை விதியை நிறைவேற்றியது. மேயராக இருந்த அன்னிஸ் பார்க்கர், தான் லெஸ்பியன் என்பதை மறைக்காதவர். எதிர்ப்பாளர்கள் தொடுத்த வழக்கில், சில போதகர்களின் பிரசங்கங்களைக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லி நகரத்தின் வழக்கறிஞர்கள் ஆணை அனுப்பினார்கள். நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் ‘இவர்கள் வழிபாட்டுக்குள்ளேயே கையை விடுகிறார்கள்’ என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. 2015 நவம்பர் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 61 சதவீதம் பேர் எதிராக வாக்களித்து விதி ரத்தானது. தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ‘பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் வந்துவிடுவார்கள்’ என்று கிளப்பிய பயம்தான் அதில் பெரியது. இருந்தாலும் நடுவில் நின்றிருந்த நம்பிக்கையாளர் சிலரையாவது அந்த ஆணை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலே, உங்கள் துணைவி. கடிதத்தில் அவரைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த இரண்டு வரியில்தான் அதிக நேரம் நின்றேன். நம்பிக்கையும் தன்பாலீர்ப்பும் சேர்ந்தே உள்ளவர்கள் ஏராளம். வழிபாட்டிடத்தில் தன் காதலை மறைப்பார்கள், நண்பர்கள் கூட்டத்தில் தன் நம்பிக்கையை மறைப்பார்கள். உங்கள் குழு அவருக்கு மறைக்கத் தேவையில்லாத ஒரே இடமாக இருந்திருக்கும். அந்தப் படம் அதையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. ‘உன்னைச் சொல்லலம்மா, அந்த ஆளைத்தான் சொன்னாங்க’ என்று சமாதானம் சொல்லாதீர்கள். படத்தில் காட்டியது கும்பிடும் கைகளைத்தான். அவர் கேட்டது சரியான கேள்வி என்று ஒப்புக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் முதலில் அவரிடம் காட்டுங்கள். நம்பிக்கையுள்ள ஒருவரைச் சீண்டாமல் எந்த வார்த்தையில் கேட்பது என்று உங்களையும் என்னையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நல்ல மனிதரைப் பற்றி

டார்ச் விளக்கோடு விடியும்வரை நின்றவர், சௌக்கியமா என்று கேட்பவர், அவர் எப்படி நமக்குக் கெடுதல் செய்வார் என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அவருடைய அன்பு பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் நலம் விசாரிப்பது, ஒன்றாகத் தங்கியிருக்கும் அக்கா தங்கை இருவரை. நீங்கள் யார் என்று தெரிந்தும் அதே குரலில் கேட்பாரா என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்த எத்தனையோ பெரியவர்கள் அந்த இடத்தில் அப்படியே கேட்டார்கள். வேறு சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சபையின் பெயரை வைத்து யார் எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடிந்ததில்லை.

அதைத் தெரிந்துகொள்ள உங்கள் வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம். கேள்வித்தாளுக்கு அவர் எழுதும் பதிலை வைத்து முடிவெடுங்கள். தெளிவாக ஆமாம் என்றால், சபையைப் பற்றிய கவலையைத் தள்ளிவைத்துவிட்டு அவருடைய உழைப்புக்கு வாக்களியுங்கள். மழுப்பினால், மற்றவர் எழுத்தில் கொடுத்த பதில் அதைவிடத் தெளிவா என்று பாருங்கள். இருவருமே மழுப்பினால், குழாயும் தெருவிளக்கும் பார்த்து வாக்களிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அப்போது வேலை தேர்தலுக்குப் பிறகு ஆரம்பிக்கும். மன்றத்தின் முதல் சில கூட்டங்களுக்குள் வாடகை வீட்டுத் தீர்மானத்தைக் கொண்டுவர எந்த உறுப்பினர் தயாராக இருக்கிறார் என்று, உங்கள் பகுதிக்கு வெளியே ஜெயித்தவர்களையும் சேர்த்து, அந்தக் கேள்வித்தாளை அனுப்பிய அமைப்பின் வழியாகவே விசாரிக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தின் வாசகம் எழுத உதவி தேவைப்பட்டால் அந்த அமைப்பு எனக்கு எழுதட்டும். உங்கள் பெயர் அதில் வரவே வேண்டியதில்லை.